அடுப்படி ஜன்னலில் வெந்தய வரியன்

என் அக்காவின் கணவரை எங்கள் தெருவில் பல்லுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டர் இல்லை. டாக்டர் அச்செடுத்து அனுப்புகிற வாய்க்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவர். முப்பது வருடமாக ஒரே லேப்பில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து மெழுகைச் சீவிக்கொண்டிருக்கிறார். அவருடைய சாமர்த்தியம் நிறத்தில்தான். வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு என்பார். எவர் வாயில் எந்தப் பல் சொந்தம், எது கட்டியது என்று எதிர்ப்புறத் திண்டில் உட்கார்ந்தே சொல்லிவிடுவார். விசேஷ வீட்டுக்கு அவர் வந்தால் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள்.

அவரைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. அவர் ஆசையாக வரவழைத்த ஒரு பட்டாம்பூச்சியால் என் அக்கா சாகக் கிடந்தாள் என்று தெரு பேசுகிறது. அக்காவும் அதைத்தான் நம்புகிறாள். அவள் பிழைத்துவிட்டாள் என்று இன்னும் எந்த டாக்டரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நடந்ததை முழுதாக அறிந்தவர்கள் இரண்டே பேர், அதில் நான் ஒருவன்.

நான் இரண்டு தெரு தள்ளி சலவைக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, இனி ஆகவும் போவதில்லை. அதனால் மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். என் கை சும்மா இருக்காது என்று அக்கா எப்போதும் சொல்வாள். உண்மைதான். கோணலாக மடித்த துணியைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. அத்தான் இதற்கு நேர்மாறு. ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுப் பின்புறத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு அவர் எருக்கஞ்செடியை வெறிக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆமாம், எருக்குத்தான். உன் வீட்டில் எருக்கு முளைக்க என்று எதிரியைச் சபிப்பார்கள். இந்த மனிதர் காலி மனையிலிருந்து வேரோடு பெயர்த்து வந்து, பின்சுவர் ஓரம் வரிசையாக நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார்.

"பாழாப்போன வீட்டுல அது தானா முளைக்கும். இவருக்கு அதுவரைக்கும் பொறுமை இல்ல," என்றாள் அக்கா. அன்று மூன்று பேரும் சிரித்தோம்.

எல்லாம் வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சிக்காக. அப்படியொன்றும் அபூர்வமான பூச்சி இல்லை. ஆரஞ்சும் பழுப்புமாக இறக்கை, நுனியில் கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் பட்டை. நாலு செடி உள்ள இடத்தில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். எருக்கிலையின் அடியில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். புழு அந்தப் பாலையும் இலையையும் தின்று வளர்வதால் உடம்பெல்லாம் விஷம். பறவை கொத்தினால் துப்பிவிடும். அந்தத் தைரியத்தில் அது அவசரமே இல்லாமல் பறக்கும். வேறொரு பூச்சியின் பெண் இதே உடுப்பை மாட்டிக்கொண்டு திரியும், விஷம் கிடையாது, வேஷத்தை வைத்தே பிழைத்துப்போகும். இந்த வேஷம்தான் அத்தானை இழுத்திருக்க வேண்டும்.

"பின்னிறக்கையைப் பாரு மாப்ள. நடுவுல கறுப்புப் புள்ளி இருந்தா நிஜம். வெறுமையா இருந்தா கட்டுப்பல்," என்பார்.

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

"அவசரப்பட்டா ஒண்ணாத்தான் தெரியும். எண்ணு. மூணு புள்ளின்னா பொண்ணு. நாலாவது ஒண்ணு கொஞ்சம் தடிப்பா, நடுவுல வெள்ளையோட இருந்தா ஆம்பளை. அது வெறும் புள்ளி இல்ல, பை. பொண்ணை மயக்குற வாசனை அதுக்குள்ளதான்."

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா அத்தான்?"

"அடுத்தவன் வாயைப் பார்த்தே முப்பது வருஷம் போச்சு. கொஞ்ச நேரம் இறக்கையைப் பார்த்தா என்ன குறைஞ்சிடும்?"

எருக்கு வைத்தால் பெண் வரும், முட்டையிடும், போய்விடும். ஆணைப் பிடித்து நிறுத்துகிற வழியை அவர் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார். தேள்கொடுக்கு என்று ஒரு களை உண்டு. குப்பைமேடு, ஓடைக்கரை, எங்கும் முளைக்கும். பூக்கதிர் தேளின் வாலாகச் சுருண்டிருக்கும். அக்கா நச்சரித்ததால் பின்புறத்தில் முளைத்திருந்ததைப் பிடுங்கிச் சுவர்மேல் வீசினார். மூன்றாம் நாள் சுவரே அசைந்தது. வாடிச் சுருண்ட தண்டுகளில் இருபது முப்பது வரியன்கள், எல்லாம் நாலு புள்ளி. பச்சையாக நின்றபோது ஒன்றும் அதன் இலையைத் திரும்பிப் பார்த்ததில்லை. செத்த பிறகுதான் கூட்டம். அந்தச் செடியில் உள்ள ஏதோ கசப்பை உறிஞ்சித்தான் ஆண் தன் பையில் வாசனை சேர்க்கிறது என்று எங்கோ படித்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து வாரம் ஒரு கட்டு. பிடுங்கி, தலைகீழாகக் கட்டி, பின்சுவர்க் கம்பியில் தொங்கவிடுவார். காய்ந்து போனால் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார், மறுபடி வரும். அவை ஒட்டிக்கொண்டு உறிஞ்சும்போது விரட்டினாலும் போகாது. விரலால் தொட்டுத் தள்ளினால் அதே இடத்துக்குத் திரும்பி வரும். எனக்கு அது பிடிக்கவில்லை. பூவில் உட்கார்ந்தால் பட்டாம்பூச்சி, செத்ததில் உட்கார்ந்தால் ஈ என்று அவரிடமே சொன்னேன். சிரித்தார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

அக்காவுக்கு முழங்கால் வலி. அதற்குப் புதினாவைக் காயவைத்து நொறுக்கி, இஞ்சி தட்டிப் போட்டுக் காலையும் மாலையும் டீயாகக் குடிப்பாள். வலிக்கு அது என்ன செய்ததோ, அவளுக்கு அதில் ஒரு நிம்மதி. புதினாக் கொத்துகளைத் துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவாள். காய்ந்ததும் அத்தான் உட்கார்ந்து நொறுக்கி டின்னில் அடைத்து வைப்பார். அந்த மாதம் பின்சுவர்ப் பக்கம் வெயில் விழவில்லை என்று அத்தான் தன் தேள்கொடுக்கையும் துணிக்கொடிக்கே மாற்றியிருந்தார். எனக்கு அது தெரியாது.

ஒரு மதியம் சாப்பிட வந்தேன். அத்தான் லேப்பில், அக்கா கடைக்குப் போயிருந்தாள். சாவி என்னிடம் ஒன்று உண்டு. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொடியில் துணி காய்கிறபோது மேகத்தைப் பார்த்தால் என் கால் தானாக ஓடும், என் பிழைப்பே அதுதானே. துணியை எல்லாம் உருவினேன். கூடவே காய்ந்த கொத்துகள் ஏழெட்டு. எல்லாம் பழுப்பு, எல்லாம் தொட்டால் நொறுங்குகிற பதம். முகர்ந்து பார்த்தேன், புதினா வாசனைதான் வந்தது. பக்கத்துக் கொத்தின் வாசனை என்று அப்போது தோன்றுமா? பாவம், அத்தானுக்கு ஒரு வேலை மிச்சம் என்று எல்லாவற்றையும் முறத்தில் போட்டு, காம்பைக் களைந்து, இரண்டு கையாலும் கசக்கி, அடுப்படியில் இருந்த பெரிய டின்னில் நிரப்பினேன். மூடியை அழுத்தி மூடினேன். துணியை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். நல்ல வேலை செய்தோம் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. கடையில் வேலை குவிந்து கிடந்ததால் யாரிடமும் எதுவும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் அத்தான் தன் தேள்கொடுக்குக் கட்டைத் தேடியிருக்கிறார். இவ்வளவு காற்றில் அது எங்கே நிற்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். டின் நிரம்பியிருப்பதைப் பார்த்து, அத்தான்தான் வழக்கம்போல் நொறுக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். டின் நிறைந்திருந்ததால் அவள் மறுபடி புதினா காயப்போடவில்லை, அவருக்கு டின்னைத் திறக்கிற வேலையும் வரவில்லை.

ஐந்தாறு வாரம் ஒன்றும் இல்லை. பிறகு அக்காவுக்குச் சோறு பிடிக்காமல் போயிற்று. எனக்குப் போட்டுவிட்டு எதிரில் சும்மா உட்கார்ந்திருப்பாள். வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்றாள். அவள் சலவைக்குக் கொடுத்த உடுப்புகளில் இடுப்புப் பட்டி இரண்டு விரல் தளர்த்தித் தைத்திருந்தது. மறுவாரம் நாலு விரல். சாப்பிடாதவளுக்கு எப்படி வயிறு பருக்கும்? துணியைப் பார்த்துப் பழகிய எனக்கு அது முதலிலேயே உறைத்தது. நான் வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்டால் ஏதாவது பெரிதாக வந்துவிடுமோ என்று பயம்.

டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்து, நீர் கோத்திருக்கிறது, ஈரல் வீங்கியிருக்கிறது என்றார்.

"குடிப்பழக்கம் உண்டா?"

"டீதாங்க குடிப்பேன்," என்றாள் அக்கா. அந்த நிலையிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

மாத்திரை கொடுத்தார்கள், நீரை எடுத்தார்கள், நீர் திரும்பக் கோத்தது. ரத்தத்தில் கிருமி எதுவும் இல்லை. காரணம் தெரியவில்லை என்று டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் வேறு வார்த்தையில் சொன்னார். அக்கா மட்டும் தன் டீயை விடவில்லை. அது ஒன்றுதான் வயிற்றில் தங்குகிறது என்றாள்.

அப்போதுதான் அடுப்படி ஜன்னலுக்கு வரியன்கள் வர ஆரம்பித்தன.

ஜன்னல் விளிம்பில் ஒரு பூந்தொட்டி. முன்பெல்லாம் வாசல் குப்பைத்தொட்டிக்குப் போன டீச்சக்கையை, நடை தளர்ந்த பிறகு அக்கா அதில்தான் கொட்டினாள். முதலில் ஒன்று வந்தது, மறுநாள் மூன்று. அந்த வாரக் கடைசியில் தொட்டியின் மண்ணே தெரியவில்லை. இறக்கையை மூடித் திறந்துகொண்டு, சக்கையில் வாயை ஊன்றி, அப்படியே இருந்தன. அத்தான் நாற்காலியைப் பின்புறத்திலிருந்து அடுப்படிக்கு மாற்றிக்கொண்டார்.

"எண்ணிப் பாரு மாப்ள. பதினொண்ணு. அத்தனையும் ஆம்பளை! இவ டீக்கு எப்படி மயங்குறான் பாரு. உன் அக்கா கைப்பக்குவம் அப்படி," என்று உள்ளறையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். உள்ளே அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அவருக்கு இது ஒரு புதிராகிவிட்டது. இஞ்சியை மட்டும் தட்டித் தட்டில் வைத்தார், எதுவும் வரவில்லை. சந்தையில் வாங்கிய புதினாவைக் காயவைத்து வைத்தார், அதற்கும் வரவில்லை. சக்கையை வைத்தால் மட்டும் வந்தன. ஒரு வாரம் இப்படிப் போயிற்று. அந்த ஒரு வாரமும் என் அக்கா தினம் இரண்டு வேளை குடித்தாள். அவள் குடித்த கோப்பையை நானும் இரண்டு முறை கழுவி வைத்திருக்கிறேன்.

எட்டாம் நாள் அவர் ஒரு பிடி சக்கையைக் காகிதத்தில் மடித்து லேப்புக்குக் கொண்டுபோனார். மேஜை விளக்கை இழுத்து வைத்து, பல் அச்சுக்கு மாவு கரைக்கிற தட்டில் பரப்பி, மெழுகு கீறுகிற ஊசியால் ஒவ்வொரு துணுக்காகப் பிரித்திருக்கிறார். பல்விளிம்பு இருந்தால் புதினா, ஒரு பக்கம். தடிப்பாக, சொரசொரவென்று இருந்தவை இன்னொரு பக்கம். இரண்டாவது குவியல்தான் பெரிதாக வந்திருக்கிறது. அதன் அடியிலிருந்து, நகத்தளவு, சுருண்ட பூக்கதிர் ஒன்று.

பாதி வேலையில் எழுந்து ஓடி வந்தார். வழியில் என் கடை. சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து இஸ்திரி மேஜைமேல் விரித்தார்.

"இது என்னோடது மாப்ள. கொடியில தொங்கவிட்டது. அவ டீயில இருக்கு. எப்படி வந்துச்சு?"

முறமும், என் கையில் நொறுங்கிய கொத்தும், அழுத்தி மூடிய மூடியும் எனக்கு அந்த நொடியே ஞாபகம் வந்தன. "முதல்ல டின்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்று மட்டும் சொன்னேன். சொன்னதில் தப்பில்லை. சொல்லாமல் விட்டதுதான் தப்பு.

அக்காவையும் டின்னையும் ஒரே வண்டியில் கொண்டுபோனோம். டாக்டரம்மா யார் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார். இந்தச் செடி ஈரலுக்குள் உள்ள மெல்லிய ரத்தக்குழாய்களை அடைத்துவிடும், ஆடுமாடு தின்றாலும் இதே கதிதான் என்றார். எத்தனை நாளாகக் குடிக்கிறார் என்று கேட்டார். மேகம் கறுத்த அந்த மதியத்திலிருந்து எண்ணி, மூன்று மாதம் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"டின்ல இதைப் போட்டது யாரு?"

கட்டிலில் அக்கா கண்ணைத் திறந்திருந்தாள். அத்தான் என்னை ஒரு தடவை பார்த்தார். வெகு நேரம்கூட இல்லை.

"நான்தாங்க. பூச்சிக்காகக் காயப்போட்டேன். நொறுக்கும்போது கலந்துடுச்சு."

நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், திறந்த வாயிலிருந்து இருமல்தான் வந்தது. அக்கா அத்தானிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பூச்சிக்குப் பார்த்துப் பார்த்து வச்சீங்க. எனக்குப் பார்க்கல," என்றாள்.

அதன்பிறகு அவரோடு அவள் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் உரித்துக் கொடுத்த பழத்தைத் தொடவில்லை. அவர் ஊற்றிய தண்ணீரைக் கீழே கொட்டினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கஞ்சி கொண்டுவந்தால், "நீங்க ஒரு வாய் குடிங்க" என்பாள். அந்தப் பெண் முதல் நாள் சிரித்துக்கொண்டு குடித்தது, மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. எடை குறைந்துகொண்டே வந்தது. மருந்து பாதிதான், சாப்பாடு உள்ளே போனால்தான் ஈரல் மீளும், இப்படியே போனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அத்தான் வீட்டுக்குப் போய்ப் பின்புறத்தை வெட்டி எறிந்தார். எருக்கு, தேள்கொடுக்கு, ஒன்றும் மிச்சமில்லை. முற்றத்து நடுவில் ஆளுயரத்துக்குக் குவித்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். இத்தனை வருடம் பூச்சி பார்த்த மனிதருக்கு அந்த நேரத்தில் ஒன்று மறந்துபோயிற்று. மூன்றாம் நாள் மாற்றுத் துணி எடுக்க நான் போனேன். குவியல் வாடியிருந்தது. மேலிருந்து கீழ்வரை வரியன்கள், நூறா இருநூறா தெரியாது, இலையே தெரியாமல் அப்பிக்கொண்டிருந்தன. கதவைத் திறந்த சத்தத்துக்கு ஒன்றுகூட எழும்பவில்லை. நான் துணி எடுக்காமலேயே கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபோது அக்கா அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாள். "தம்பி வீட்டுக்குப் போறேன். அவன் போட்டுக் கொடுத்தா சாப்பிடுறேன்." அது நிஜம். என் கையால் கொடுத்தால் முதல் நாளிலிருந்தே சாப்பிட்டாள். ருசி பார்க்கச் சொல்லவில்லை, டம்ளரை முகர்ந்து பார்க்கவில்லை. கடைக்குப் பின்னால் உள்ள அறையைக் காலி செய்து கட்டில் போட்டேன். காலையில் கஞ்சி, மதியம் குழைந்த சோறு. இரண்டு மாதத்தில் முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. வயிற்றில் இன்னும் நீர் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஊசி. அவள் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் நான் கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அத்தான் தினமும் லேப் விட்டதும் வருவார். உள்ளே வரமாட்டார். கம்பிக்கதவுக்கு வெளியே நின்று, "இன்னைக்கு எவ்வளவு சாப்பிட்டா?" என்று கேட்பார். நான் சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போவார். தெருவில் அவரைப் பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பொண்டாட்டிக்கு விஷம் வைத்தவர் என்று ஒருத்தி என் கடையிலேயே, என் காதுபடச் சொன்னாள். அவள் துணியை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்படிப்பட்டவன் நான்.

ஒருநாள் பொறுக்க முடியவில்லை. அவர் வந்து நின்றதும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தான், அன்னைக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு. கொடியில இருந்ததை எல்லாம் நான்தான் எடுத்து..."

"தெரியும்."

"எப்படி?"

"நான் நொறுக்கல. அவளும் நொறுக்கல. சாவி வேற யார்கிட்ட இருக்கு?" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்புறம் ஏன் அத்தான் டாக்டரம்மாகிட்ட..."

"யோசிச்சுச் சொல்லல மாப்ள. வாயில வந்துடுச்சு. செடி என்னோடதுதானே."

"நான் இப்பவே உள்ள போய் அக்காகிட்ட சொல்லிடறேன். இந்தப் பாரத்தை என்னால தூக்க முடியல."

அவர் கம்பிக்குள் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். பல் செதுக்குகிற கை, இரும்பாக இருந்தது.

"சொல்லாதே. அவளுக்கு இனிமே ஒரு கைதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா யார் கொடுத்துச் சாப்பிடுவா? உன் பாரம் இறங்கிடும், சரி. அவ பட்டினி கிடந்து செத்துப்போவா. இப்போ நான் யோசிச்சுத்தான் சொல்றேன், வாயைத் திறக்காதே."

"எத்தனை நாளைக்கு?"

"அவ இருக்கிற வரைக்கும்."

கையை விட்டுவிட்டு, இன்றைக்கு எவ்வளவு சாப்பிட்டாள் என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

உள்ளிருந்து அக்கா கூப்பிட்டாள். கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு போனேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அவர் போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"கதவைப் பூட்டினியா?"

"பூட்டிட்டேன்."

அவள் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு வாயைத் திறந்தாள்.